ஐந்தாவது மெரிடியன்

சன்னல் சட்டத்துக்கும் கதவுக்கும் நடுவே இறுகிப்போயிருந்த வெள்ளைப் பெயிண்டை ஹிலரி வெண்ணெய்க் கத்தியால் கீறிக்கொண்டிருந்தாள். கத்தி வளைந்ததே தவிர சன்னல் அசையவில்லை. போன வசந்தத்தில் பெயிண்ட் அடிக்க வந்தவன் திறக்கிற சன்னல், திறக்காத சன்னல் என்ற பேதமெல்லாம் பார்க்காமல் எல்லாவற்றையும் ஒரே பூச்சாகப் பூசி மூடிவிட்டுப் போயிருந்தான். அம்மா டோரீன் கட்டிலின் கால்மாட்டில் சுடுநீர்ப் பையை அணைத்துக்கொண்டு நின்றாள். சாகக் கிடக்கிற மனுஷன் இருக்கிற அறையில் நவம்பர் மாதத்தில் சன்னலைத் திறந்து வைக்கிற கூத்து இந்தத் தெருவில் வேறு எந்த வீட்டிலாவது உண்டா என்று சுவரைப் பார்த்துக் கேட்டாள்.

"அவ தெறக்கட்டும், டோரீன்," என்றார் கட்டிலில் கிடந்த கிளிஃபர்ட். "கண்ணாடி வழியா கேட்டா மேல்ஸ்தாயி சத்தமெல்லாம் செத்துப்போயிடும்."

அந்த ஒரு வாக்கியத்துக்கு அவருக்கு மூன்று மூச்சு தேவைப்பட்டது. ஹிலரி கத்தியை எறிந்துவிட்டு உள்ளங்கையால் சட்டத்தை ஓங்கி அறைந்தாள். இரண்டாவது அறையில் பெயிண்ட் விட்டுக்கொடுத்தது. சன்னல் ஒரு சாண் திறந்தது. ஈரமான குளிர்காற்றும், தெருமுனையில் இலை கூட்டுகிறவனின் துடைப்பச் சத்தமும் சேர்ந்து உள்ளே வந்தன. அப்பாவின் முகம் சத்தம் வந்த பக்கமாக மெல்லத் திரும்பியது. இரண்டு வருஷமாக அவருக்குக் கண் தெரியாது. நடுவில் பெரிய கரும்புள்ளியும் ஓரத்தில் கொஞ்சம் வெளிச்சமும்தான் தெரியும். இப்போது நுரையீரலும் கைவிட்டிருந்தது. உடம்பில் பழுதில்லாமல் மிஞ்சியிருந்தவை அந்தக் காதுகள் மட்டும்தான்.

அந்தக் காதுகளுக்குத்தான் கார்ஸ்வெல் தொழிற்சாலை ஆயுளில் பாதிக்கு மேல் அவருக்குச் சம்பளம் கொடுத்தது. அங்கே மெரிடியன் என்ற காரைச் செய்தார்கள். இரண்டு பேரும் இரண்டு பெட்டியும் ஏறிக்கொண்டு, காலையில் லண்டனில் தேநீர் குடித்துவிட்டுக் கிளம்பினால், இரவுச் சாப்பாட்டுக்குத் தெற்கு பிரான்ஸின் கடற்கரையில் கசங்காத சட்டையோடு இறங்க வேண்டும். அதற்கென்று செய்த கார். விலை, அதைச் செய்த ஊரில் யாரும் வாங்க முடியாத விலை. சோதனை ஓட்டத்தில் கிளிஃபர்ட் இடப்பக்க இருக்கையில் கண்ணை மூடிக்கொண்டு உட்காருவார். எங்கோ ஒரு திருகு முனகும், கதவு இடுக்கில் காற்று விசிலடிக்கும். அவர் ஆள்காட்டி விரலைத் தூக்குவார். விரல் தூக்கிவிட்டால் வண்டிக்குள் யாரும் வாய் திறக்கக் கூடாது. ஓட்டுகிறவன் தும்மலைக்கூட அடக்கிக்கொள்வான். விரல் இறங்கிய பிறகுதான் பேச்சு. ஒருமுறை நிர்வாக இயக்குநரே ஓட்டிக்கொண்டு வந்து, இந்தக் கிணுகிணுப்பை யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை என்று பெருமையாகச் சொன்னபோது, விரலை இறக்கிவிட்டு, அது உங்கள் கோட்டுப் பையில் இருக்கிற வீட்டுச் சாவி என்றார் கிளிஃபர்ட்.

பாராட்டு என்ற சரக்கு அவரிடம் கிடையாது. குறை இருந்தால் குறையைச் சொல்லுவார். குறை இல்லையென்றால் "அனுப்பலாம்" என்பார். அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தைக்காகப் பட்டறையில் பலர் மாதக்கணக்கில் தூக்கம் கெட்டுக் கிடந்திருக்கிறார்கள். வீட்டிலும் அதே கதைதான். ஹிலரி ஒன்பது வயதில் தேவாலயத்துக் கிறிஸ்துமஸ் கூட்டத்தில் புல்லாங்குழல் வாசித்தாள். ஊரே அருமை, அருமை என்றது. காரில் திரும்பும்போது அவள் அப்பாவிடம் கேட்டாள். நடுவில் இரண்டு இடத்தில் நீ மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டது என்றார் அவர். அன்றைக்கு இரவு அவள் அழுதாள். ஆனால் மறுநாள் மூச்சு வாங்குகிற இடத்தை மாற்றி வாசித்துப் பார்த்தபோது அவர் சொன்னதுதான் சரியென்று தெரிந்தது. அன்றிலிருந்து ஊர் சொல்லுகிற அருமை அவளுக்கு இனிக்கவே இல்லை.

அந்த ஊரில் வருஷத்தை நம்பரால் சொல்லமாட்டார்கள். மெரிடியனைக் கொண்டுதான் சொல்லுவார்கள். முதல் மெரிடியன் ஆறு சிலிண்டர் வண்டி. மழை பெய்தால் உள்ளேயும் பெய்யும், ஓட்டுகிறவனின் கால் வேகும், ஆனாலும் நீண்ட மூக்கும் சரிந்த முதுகுமாக அது தெருவில் போனால் சைக்கிளில் போகிறவன் இறங்கி நிற்பான். கிளிஃபர்டுக்கும் டோரீனுக்கும் கலியாணம் நடந்தது அப்போது. அமெரிக்காக்காரர்கள் இன்னும் பலம் வேண்டும் என்று கேட்டதால் எட்டு சிலிண்டரோடு இரண்டாவது மெரிடியன் வந்தது. ஹிலரி பிறந்தது அந்த வருஷம். மூன்றாவது வந்தபோது பெட்ரோல் விலை ஏறி, கம்பெனி கைமாறி, முன்னால் தடித்த ரப்பர் பட்டையெல்லாம் ஒட்டி, தாடை வீங்கின பிள்ளை மாதிரி ஆயிற்று. அதையும் அவர் வெறுக்கவில்லை. சீக்குப் பிள்ளையைப் பார்த்துக்கொள்வதுபோலப் பார்த்துக்கொண்டார். நான்காவது, கடல் தாண்டி இருக்கிற முதலாளிகளின் பணத்தில் வந்தது. இரும்புக் கோட்டை மாதிரி கனம். ஒரு சின்ன முனகலைக் கண்டுபிடிக்கவே அவருக்கு வாரக்கணக்காயிற்று. அதோடு ஓய்வு பெற்றார்.

நான்கு வண்டியிலும் அவர் செய்தது ஒரே வேலைதான். பெரிய சத்தத்தை அடக்கினால் அதன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்திருந்த சின்னச் சத்தம் வெளியே வரும். அதையும் அடக்கினால் அதைவிடச் சின்னது வரும். எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் துரத்திவிட்டு, கடைசியில் எஞ்சினின் அடிக்குரல் ஒன்றை மட்டும் மிச்சம் வைப்பார். பக்கத்து அறையில் யாரோ நிதானமாகக் கதை சொல்லிக்கொண்டிருப்பதுபோல அது கேட்க வேண்டும் என்பார். அந்தக் குரலுக்காகத்தான் மற்ற எல்லாச் சத்தத்தையும் அவர் கொன்றார்.

ஐந்தாவது மெரிடியனில் அந்தக் குரல் இல்லை. எஞ்சினே இல்லை. தரைக்கடியில் பலகை பலகையாகப் பேட்டரி. அதன் சத்தப் பிரிவுக்கு இப்போது தலைமை ஹிலரி.

எஞ்சின் இல்லாத சங்கதி கிளிஃபர்டுக்குத் தெரியாது. வரப்போகும் வண்டியைப் பற்றி வீட்டில் பேசக் கூடாது என்பது அந்த ஊரில் எழுதாத சட்டம். புருஷனும் பெண்டாட்டியும் ஒரே தொழிற்சாலையில் இருந்தாலும் சாப்பாட்டு மேசையில் வானிலையைத்தான் பேசுவார்கள். கிளிஃபர்ட் தன் காலத்தில் டோரீனிடம் ஒரு வார்த்தை மூச்சு விட்டதில்லை. அதனால் மகளிடமும் அவர் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதில் அவருக்கு ஒரு பெருமை. பேட்டரி வண்டிகளைப் பற்றி வானொலியில் செய்தி வந்தால், கடைக்குப் போகிற குட்டி வண்டிக்கு அது சரிதான், மெரிடியன் மேல் கை வைக்க எவனுக்கும் தைரியம் வராது என்று சொல்லிவிட்டு, ஹிலரி இருக்கிற பக்கம் முகத்தைத் திருப்பாமல் தேநீரை உறிஞ்சுவார். ஹிலரி ஒன்றும் சொல்லமாட்டாள். சட்டம் அவளுக்கு வசதியாகவும் இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆனால் அவளுக்கு ஆசை இருந்தது. எஞ்சின் போய்விட்டால் வேலை முடிந்தது என்று வெளியாள் நினைப்பான். எஞ்சின் போன பிறகுதான் எல்லாச் சத்தமும் அம்மணமாக நின்றது. டயர் உருளுகிற சத்தம், கண்ணாடி முனையில் காற்று கிழிகிற சத்தம், இருக்கைத் தோல் உரசுகிற சத்தம், எதற்கும் ஒளிந்துகொள்ள இடமில்லை. அப்பா நான்கு வண்டியில் போட்ட சண்டையை அவள் ஒரே வண்டியில் போட்டிருந்தாள். அதை அவர் கேட்க வேண்டும். இடப்பக்க இருக்கையில் கண்ணை மூடி உட்கார்ந்து, விரலைத் தூக்கி, கேட்டு, இறக்க வேண்டும். எஞ்சின் இல்லை என்று அவளாகச் சொல்லத் தேவையிருக்காது. நூறு கஜம் ஓடுவதற்குள் அவருக்கே எல்லாம் விளங்கிவிடும். அவருக்குக் கோபம் வரலாம், அழுகைகூட வரலாம். ஆனால் கோபம் வந்தாலும் கேட்டதைக் கேட்டபடிதான் சொல்லுவார். அந்த வார்த்தையைச் சொல்லுவார் அல்லது சொல்லமாட்டார். இரண்டில் எதுவானாலும் அவள் தாங்கிக்கொள்வாள்.

அதற்காகத்தான் சோதனை வண்டியை அரை மணி நேரம் வீட்டு வாசலுக்குக் கொண்டுவர அனுமதி கேட்டாள். கடல் தாண்டி இருக்கிறவர்கள் யோசித்தார்கள். ஒருவரை ஒருவர் கேட்டார்கள். பச்சைக்கொடி காட்டினபோது அப்பா உட்கார முடியாத நிலைக்குப் போயிருந்தார். நேற்று வந்த நர்ஸ், அவரை மாடியிலிருந்து இறக்குவது என்ற பேச்சே வேண்டாம், படிக்கட்டிலேயே போய்விடுவார் என்று சொல்லிவிட்டாள்.

வண்டி வருவதை மட்டும் அப்பா விடவில்லை. "என்னை இறக்க வேணாம்மா," என்றார். "சன்னலை மட்டும் தெறந்து வை. வாசல்ல வந்து நிக்கட்டும். எனக்கு அது போதும்."

வெளியே நின்றால் கேட்க அந்த வண்டியில் சத்தமே கிடையாது. வண்டியை ஓட்டிவர வேண்டிய டெஸ்மண்டிடம் ஹிலரி போனில் சொன்னாள். கிளிஃபர்டிடம் தொழில் கற்றவன் அவன். அவரை வாத்தியார் என்றுதான் இன்றைக்கும் சொல்லுவான். மெதுவாகப் போகும்போது பாதசாரிக்குக் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கி வைக்க வேண்டும் என்பது சட்டம், ஆனால் இந்த வண்டியில் அது இன்னும் பொருத்தப்படவில்லை. வேண்டுமானால் இரண்டாவது மெரிடியனின் பழைய ஒலிப்பதிவை உள்ளே வைத்துச் சத்தமாகப் போட்டுவிடலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டான். ஒரே நொடியில் கண்டுபிடித்துவிடுவார், அதோடு அவரை அப்படி ஏமாற்ற எனக்கு மனம் வராது என்றாள் ஹிலரி. வண்டி வந்து நின்றதும் உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள். அப்பா, வந்துவிட்டது, நிற்கிறது, அதற்குக் குரல் கிடையாது. இதைச் சொல்வதற்கு என்ன வார்த்தை வேண்டும் என்று காலையிலிருந்து மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் பாதிக்கு மேல் வார்த்தை வரவில்லை.

மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுகிற சின்னப் பெட்டி தலையணைக்குப் பக்கத்தில் அவ்வப்போது கிர்ரென்றது. அதன் பற்சக்கரத்தில் ஒரு பல் தேய்ந்திருக்கிறது என்று அப்பா முந்தாநாளே நர்ஸிடம் புகார் சொல்லியிருந்தார். டோரீன் பஞ்சு முனையைத் தண்ணீரில் தோய்த்து அவர் உதட்டை நனைத்தாள். கொஞ்சம் கஸ்டர்ட் சாப்பிடுகிறீர்களா என்று கேட்டாள். வேண்டாம் என்று தலையசைத்தார். பிறகு அவள் சுடுநீர்ப் பையை அவர் காலடியில் செருகிவிட்டுச் சன்னலோரம் போய் நின்றாள். குளிரைத் திட்டிக்கொண்டே, ஆனால் தெருவின் இரண்டு பக்கமும் கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தாள்.

ஹிலரி கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அப்பாவின் கையை எடுத்து வைத்துக்கொண்டாள்.

"வந்தாச்சு," என்றாள் டோரீன் சன்னலிலிருந்து. "ஐயோ, வரிக்குதிரை மாதிரி இருக்கே."

வடிவம் வெளியே தெரியாமலிருக்கக் கறுப்பும் வெள்ளையுமாகச் சுழி சுழியாகத் தாள் ஒட்டியிருந்த வண்டி அது. எட்டிப் பார்க்காமலே ஹிலரிக்குத் தெரிந்தது. நாக்கு நுனியில் வைத்திருந்த வாக்கியத்தைச் சொல்ல வாயைத் திறந்தாள். அதே சமயம் தெருவின் மேட்டிலிருந்து ஒரு டீசல் எஞ்சின் கடகடவென்று இறங்கி வந்து, வாசலுக்கு நேர் எதிரே நின்றது. பக்கத்து வீட்டு பமேலாவுக்கு வாராவாரம் மளிகை கொண்டுவருகிற கடை வேன். ஓட்டுநர் இறங்கிப் போனான், எஞ்சினை அணைக்கவில்லை. அது நின்ற இடத்திலேயே உதறிக்கொண்டிருந்தது. உள்ளே குளிர்ப்பெட்டி வேறு தனியாகப் பல்லைக் கடித்தது.

அப்பா ஆள்காட்டி விரலைத் தூக்கினார்.

போர்வைக்கு மேலே நாலு அங்குலம்கூட அது எழவில்லை. ஆனாலும் அது அந்த விரல்தான். ஹிலரி வாயை மூடிக்கொண்டாள். டோரீனும் மூச்சை அடக்கிக்கொண்டாள். அந்த வீட்டில் அந்த விரல் தூக்கப்பட்டிருக்கும்போது எவரும் பேசியதில்லை. சாப்பாட்டு மேசையில், காரில், ஏன், டோரீனுக்குப் பிரசவ வலி எடுத்து ஆஸ்பத்திரிக்குப் போகும்போதுகூட, பின்சக்கரத்தில் ஏதோ கேட்கிறது என்று விரலைத் தூக்கினவர்தான், அவளும் பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தவள்தான். ஹிலரிக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. ஒரு பிரிவுக்கே தலைவி. அந்த விரலுக்கு முன்னால் அவள் வாய் திறக்கவில்லை.

வேன் கடகடத்தது. ஏதோ ஒரு தகடு தளர்ந்து ஆடிக்கொண்டிருந்தது. அப்பாவின் நெற்றி சுருங்கியது. ஒவ்வொரு கோளாறையும் அவர் காது தனித்தனியாகப் பிடித்து எடுத்து வைப்பதை அவள் முகத்திலேயே பார்த்தாள். வால்வு. அதோ, பேரிங் தேய்ந்த சத்தம். அதோ, அந்தத் தகடு. அப்போதுதான் அவர் எதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பது அவளுக்கு உறைத்தது. விரல் இன்னும் இறங்கவில்லை.

மெல்ல இறங்கியது.

வேன்காரன் பிளாஸ்டிக் கூடைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டான், கதவை இழுத்துச் சாத்தினான், வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனான். சத்தம் முனை திரும்பித் தேய்ந்தது. அப்பா தலையைத் திருப்பி, ஹிலரி இருக்கிற பக்கமாகப் பார்வையற்ற கண்களை வைத்தார். சிரித்தார்.

"அருமையா இருக்கும்மா," என்றார்.

சன்னலோரம் டோரீன் அழ ஆரம்பித்துவிட்டாள். "கேட்டியாடி? அருமைன்னுட்டாரு. உங்கப்பா வாயால அருமைன்னுட்டாரு." அவளுக்கு அந்த வேன் கண்ணிலேயே படவில்லை. அவளுக்கு வாசலில் நின்றது ஒரே ஒரு வண்டிதான், கேட்டது ஒரே ஒரு சத்தம்தான்.

அப்பா ஹிலரியின் புறங்கையைத் தட்டிக்கொடுத்தார். பரீட்சையில் தோற்றுவிட்டு வந்த பிள்ளையைத் தட்டிக்கொடுப்பதுபோலத் தட்டினார். பிறகு, சாதாரணமாகக் கேட்பதுபோல, "ரோட்டுக்கு வர்றதுக்கு இன்னும் நாள் இருக்குல்ல?" என்று கேட்டார்.

"இருக்குப்பா. ஒரு வருஷத்துக்கு மேல இருக்கு."

"அப்ப சரி," என்றார். "அப்ப சரி. அவசரப்பட்டுடாத."

அவள் வாழ்நாளில் கேட்டிராத பொய்யை அப்பா சொல்லிவிட்டார். நிர்வாக இயக்குநருக்குச் சொல்லாத பொய், ஒன்பது வயதுப் பிள்ளைக்குச் சொல்லாத பொய். மகள் இத்தனை வருஷம் உழைத்து ஒரு ஓட்டை வண்டியைச் செய்து வைத்திருக்கிறாள், போகிற நேரத்தில் அதைச் சொல்லி அவள் மனசை ஏன் நோகடிப்பது என்று நினைத்திருக்கிறார். அப்பா, அது மளிகை வேன் என்று சொன்னால், அப்படியானால் நம்முடையது எங்கே என்பார். அது அப்போதே வந்துவிட்டது என்று சொல்ல வேண்டும். எனக்குக் கேட்கவில்லையே என்பார். சொல்லத்தான் வேண்டும். என்ன ஆனாலும் சரி, சொல்லிவிட வேண்டும்.

"அப்பா," என்றாள்.

அவர் கண் மூடியிருந்தது. அவ்வளவு நேரம் கவனமாகக் கேட்டதில் இருந்த பலமெல்லாம் தீர்ந்துவிட்டது. தூங்கட்டும், எழுந்ததும் பேசிக்கொள் என்று டோரீன் அவள் தோளைத் தொட்டாள். ஹிலரி எழுந்து போய்ச் சன்னலைச் சாத்தினாள். கீழே வரிக்குதிரை வண்டி ஓரமாக நின்றது. டெஸ்மண்ட் உள்ளேயே உட்கார்ந்திருந்தான். சோதனை வண்டியை ஆளில்லாமல் விட்டுவிட்டு வரக் கூடாது, அதனால் அவனால் மேலே வர முடியாது. அவன் சன்னலைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினான். அவள் கையைக் காட்டி இருக்கச் சொன்னாள்.

எழுந்ததும் என்ன சொல்வது என்று அவள் யோசித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். இப்போது வார்த்தைகள் தடையில்லாமல் வந்தன. அப்பா, இந்த வண்டியில் நீங்கள் துரத்தின சத்தமெல்லாம் போய், நீங்கள் மிச்சம் வைத்ததும் போய்விட்டது. அது எனக்கும் வருத்தம்தான். ஆனால் உள்ளே உட்கார்ந்தால் உங்கள் கைக்கடிகாரம் ஓடுகிற சத்தம் கேட்கும், அவ்வளவு சுத்தமாகச் செய்திருக்கிறேன். இப்படிச் சொன்னால் அவர் முதலில் முகம் சுளிப்பார். பிறகு எந்தக் கைக்கடிகாரம் என்று கேட்பார். கட்டாயம் கேட்பார்.

அவர் எழுந்திருக்கவில்லை. மூச்சு மாறியது. நீண்ட ஒன்று, பிறகு ஒன்றுமில்லாத இடைவெளி, பிறகு அடித்தொண்டையில் கரகரப்போடு இன்னொன்று. மதியம் வந்த நர்ஸ் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, பெட்டியின் அளவைச் சரிபார்த்துவிட்டு, இனிமேல் கண் விழிப்பது கஷ்டம் என்று மெதுவாகச் சொன்னாள். பேசிக்கொண்டிருங்கள், காதுதான் கடைசியில் போகும் என்றும் சொன்னாள். இந்த வேலையில் இருக்கிற எல்லோரும் எல்லா வீட்டிலும் சொல்லுகிற வார்த்தைதான். டோரீன் அதைக் கேட்டுத் தலையாட்டினாள். அவர் விஷயத்தில் அது உண்மையாகத்தான் இருக்கும் என்றாள்.

டோரீன் நர்ஸையும் கூட்டிக்கொண்டு தேநீர் போடக் கீழே போனதும் ஹிலரி குனிந்து அப்பாவின் காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்தாள். காது மடலில் வெள்ளை முடி நீண்டிருந்தது. முடி வெட்டுகிறவரை வீட்டுக்குக் கூப்பிட வேண்டும் என்று போன மாதமே நினைத்தது ஞாபகம் வந்தது.

"அப்பா, அது நம்ம வண்டி இல்லப்பா. அது பமேலாவுக்கு வந்த மளிகை வேன். நம்ம வண்டி அதுக்கு முன்னாடியே வந்துடுச்சு. அதுக்கு எஞ்சின் இல்லப்பா. சத்தமே இல்ல. நான் உங்ககிட்ட சொல்லாம விட்டுட்டேன்."

மூச்சு நின்றது. அவள் காத்திருந்தாள். மறுபடியும் வந்தது.

"கேக்குதாப்பா? கேட்டா வெரலைத் தூக்குங்க."

விரலை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். போர்வையின் மேல் அது கிடந்தது. ஒருமுறை அசைந்த மாதிரி இருந்தது, ஆனால் பெட்டி கிர்ரென்ற அதிர்வில்தான் போர்வை அசைந்தது. அவள் மறுபடியும் முதலிலிருந்து சொன்னாள். வேன் என்றாள், மளிகை என்றாள், கொஞ்சம் உரக்கவே சொன்னாள். மாடிப்படியில் அம்மாவின் காலடி கேட்டதும் நிறுத்திக்கொண்டாள். அம்மாவிடம் அந்த அருமையைப் பிடுங்கிக்கொள்ள அவளால் முடியாது.

இருட்டு கவியத் தொடங்கினபோது ஒரு நீண்ட மூச்சுக்குப் பிறகு இடைவெளி வந்தது. இரண்டு பெண்களும் அடுத்த மூச்சுக்குக் காத்திருந்தார்கள். பெட்டி ஒருமுறை கிர்ரென்றது. நர்ஸ் எழுந்து வந்து கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தாள். பிறகு பெட்டியின் பொத்தானை அழுத்தி அதை நிறுத்தினாள். அறையில் இவ்வளவு நேரமும் எத்தனை சத்தம் இருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. டோரீன் அவர் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள், பிறகு ஒருமுறை சரிசெய்தாள். சந்தோஷமாகத்தான் போனார் என்றாள். மகள் செய்த வண்டியைக் கேட்டுவிட்டுத்தான் போனார், அது போதும் என்றாள். ஹிலரி அம்மாவைக் கட்டிக்கொண்டாள். ஆமாம்மா என்றாள்.

பமேலா வந்தாள். நர்ஸ் சொல்லித்தான் தெரிந்திருக்க வேண்டும். காலையில் வேனில் வந்த இறைச்சி அடைத்த அப்பம் ஒன்றைச் சூடுபண்ணித் துண்டு போட்டு மூடிக் கொண்டுவந்திருந்தாள். இன்றைக்கு இந்த வீட்டில் அடுப்பு மூட்ட யாருக்கும் மனம் வராது, இரண்டு பேரும் ஒரு வாயாவது சாப்பிட வேண்டும் என்று கட்டாயப்படுத்தினாள். ஹிலரி ஒரு விள்ளலை வாயில் போட்டு மென்றாள். அது இறங்கவில்லை. தண்ணீர் குடித்து விழுங்கினாள். பிறகு கோட்டை மாட்டிக்கொண்டு கீழே இறங்கினாள்.

அரை மணி நேர அனுமதி எப்போதோ முடிந்திருந்தது. டெஸ்மண்ட் போகவில்லை. தெருவிளக்கின் கீழே வண்டிக்கு வெளியே, கதவில் சாய்ந்துகொண்டு நின்றான். மாடி அறையில் திரை இழுத்து மூடப்பட்டதை அவன் பார்த்திருந்தான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான். அவன் அவளைத் தோளோடு அணைத்துக்கொண்டான். பட்டறையில் யாரும் வீட்டுக்குப் போகவில்லை, எல்லோரும் காத்திருக்கிறார்கள், போன் மேல் போன் என்றான். பிறகு தயங்கி, இதைக் கேட்கிற நேரமா என்று தன்னையே கடிந்துகொண்டு, கேட்டுவிட்டான்.

"வாத்தியார் ஏதாவது சொன்னாரா?"

"அருமையா இருக்குன்னாரு," என்றாள் ஹிலரி.

டெஸ்மண்டின் முகம் மலரப்போய் பாதியில் நின்றது. "அருமைன்னா? அனுப்பலாம்னு சொல்லலியா?"

இல்லை என்று அவள் தலையை ஆட்டினாள். அவன் அவளைப் பார்த்தான். பிறகு எதிர்ப்பக்கம், வேன் நின்றிருந்த இடத்தைப் பார்த்தான். அந்தக் கடகடப்பை அவனும் கேட்டவன்தான். வண்டிக்குள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்ததால் அவனுக்கு அது தூரத்தில் எங்கோ கேட்பதுபோலத்தான் கேட்டது. இந்த வண்டியை அவள் அப்படித்தான் செய்திருந்தாள். அவன் தொப்பியை இரண்டு கையாலும் ஒரு சுற்று சுற்றினான். பட்டறையில் நான் பேசிக்கொள்கிறேன் என்று மட்டும் சொன்னான்.

ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினான். உள்ளே அவன் முகம் நிழலாகத் தெரிந்தது. ஹிலரி கோட்டுக் கழுத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடைபாதையில் நின்றாள். அவன் வண்டியைக் கிளப்பிவிட்டானா, இல்லை அப்படியே உட்கார்ந்திருக்கிறானா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவள் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.